செல்லாரில் பதினாறு குழந்தைகள்

கறுப்பை விட்டுவிடுங்கள், நீலத்தை மட்டும் எடுங்கள் என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். மேடம் எழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். எனக்கு அன்றைக்கு சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்று வாரமாக வித்யாலட்சுமியின் மனதுக்குள் இதே பேச்சு. குக்கர் வைக்கும்போது, குழந்தைக்குத் தலை பின்னும்போது, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் கேட்பதுபோல ஆரம்பித்துவிடும். வெளியே ஒரு சொல் வந்ததில்லை. வானம் இருண்டால் அவள் கை சில்லிட்டுப்போவதை மட்டும் கணவன் சுதர்சன் கவனித்திருந்தான். "ஒரு தடவை தைராய்டு பார்த்துடலாமா?" என்று கேட்டான்.

செகந்திராபாத் பக்கத்து ஹப்சிகுடாவில் அவள் வேலை பார்த்த கம்பெனி, காகித வரைபடங்களைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பழைய சர்வே வரைபடத்தை ஸ்கேன் செய்து திரையில் போட்டு, அதன் கோடுகள் மேலேயே மவுஸால் மறுபடி கோடு இழுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் இழுப்பார்கள், வித்யா சரிபார்ப்பாள். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய விதிப் புத்தகத்தில் நீலம் என்றால் தண்ணீர். கறுப்பு என்றால் சுவர், வேலி, எல்லை, ஒற்றையடிப் பாதை, தேவையில்லை. அதைத்தான் அவள் பலகையில் எழுதினாள். ஆனால் இங்கே வரைபடம் அச்சடித்தவர்களின் வழக்கம் வேறு. வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் ஏரிக்குத்தான் அவர்கள் நீலம் கொடுத்தார்கள். மழைக்கு நிறைந்து கோடையில் வெடித்துக் கிடக்கும் குளத்துக்கும் ஓடைக்கும் கறுப்புதான். திருச்சியில் எம்.எஸ்ஸி. புவியியல் படித்தபோது அது இரண்டு மார்க் கேள்வி. சரியாக எழுதி இரண்டு மார்க்கும் வாங்கியிருந்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்தபோது, வாரத்துக்கு இத்தனை ஷீட் என்ற அவசரத்தில், அந்த இரண்டு மார்க் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஆபீஸ் தப்பாக மட்டும் இருந்திருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். திருத்திவிடலாம். ஆனால் தொண்ணூற்றெட்டின் கடைசியில், மல்லாபூரில் விலை குறைவாக ஃப்ளாட் வருகிறது என்று கேள்விப்பட்டு நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வீடு பார்க்கப் போனபோது, வித்யா தன் கம்பெனி வரைபடத்தின் கலர் பிரிண்ட் ஒன்றை எடுத்து வந்தாள். சாப்பாட்டு மேஜையில் விரித்து, இடத்தின் மேல் விரல் வைத்து, "பாருங்க, சுத்துவட்டாரத்துல ஒரு சொட்டு நீலம் கிடையாது. வீட்டுக்குள்ள தண்ணி வரும்ங்கற பயமே வேண்டாம்" என்றாள்.

கோயம்புத்தூர்க்காரி அனுபமா அப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "வித்யா பாத்துச் சொல்லீட்டாப் போதுங்க. வாஸ்துக்காரனுக்குக் குடுக்கற காச மிச்சம் பண்ணீரலாம்."

நான்கு குடும்பமும் வாங்கியது. ஒன்றரை வருடம் கழித்து, இரண்டாயிரம் ஆகஸ்டில், ஊரையே மூழ்கடித்த அந்த மழை வந்தது. அபார்ட்மெண்டின் செல்லாரில், அதாவது தரைக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், இடுப்பளவு தண்ணீர். நான்கு ஸ்கூட்டர் போயிற்று. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊரே மூழ்கியதால் யாருக்கும் தங்கள் கட்டிடத்தைப் பற்றித் தனியாகச் சந்தேகம் வரவில்லை. செல்லாருக்கு இறங்கும் சரிவின் வாயில் ஒரு அடி உயரத்துக்கு சிமெண்ட் மேடு கட்டினார்கள். மோட்டார் பம்பு ஒன்று வாங்கினார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

அதற்கப்புறம்தான், இந்த ஜூன் மாதத்தில், நகரத்தின் பள்ளமான பகுதிகளைக் குறித்துக் கொடுக்கும் வேலை ஒன்று வித்யாவின் கம்பெனிக்கு வந்தது. அவள் அலமாரியிலிருந்து பழைய காகித ஷீட்டை எடுத்து, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் விரித்தாள். எத்தனையோ மாதமாகத் திரையில் மட்டுமே பார்த்த ஷீட். மல்லாபூர் ஓரத்தில், பிறை நிலா போல ஒரு கறுப்புக் கோடு. அதன் வளைவில் கரையைக் காட்டும் குறுக்குக் கீற்றுகள். கரையின் ஒரு முனையில், குளம் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழியும் கலிங்கின் குறி. பக்கத்தில் எறும்பளவு எழுத்தில், தாமரகுண்டா. இன்றைய தெருக்களை வரைந்த கண்ணாடித் தாளை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்த்தாள். கலிங்கிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஓடையின் மேலேயே, கோந்து போட்டு ஒட்டினதுபோல, அவர்களுடைய அபார்ட்மெண்ட் உட்கார்ந்திருந்தது.

விளக்கை அணைத்துவிட்டு கேண்டீனுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, வெண்டைக்காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நடந்து பார்த்தாள். தினமும் ஸ்கூட்டரில் இறங்கும்போது மகள் சுபாஸ்ரீ "ஹோ" என்று கத்தும் அந்த மேட்டுச் சாலைதான் குளத்தின் கரை. மேலே மிர்ச்சி பஜ்ஜி வண்டியும் மொபைல் கம்பெனி விளம்பரமும் நின்றன. கரைக்கு அந்தப்பக்கம் குளம் முழுக்கப் போகவில்லை. பாதியில் வீட்டுமனை போட்டிருந்தார்கள், மீதியில் எருமைகள் நின்றன. ஆகாயத்தாமரைக்கு நடுவே தண்ணீர் பளபளத்தது. அபார்ட்மெண்டின் பின்சுவரை ஒட்டி, படி படியாக இறங்கும் கருங்கல் வரிசை ஒன்று, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. வாட்ச்மேன் யாதகிரியின் மனைவி அதன் மேல் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கல்லு?" என்று யாதகிரியிடம் கேட்டாள்.

"அலுகு, மேடம்." கலிங்குக்கு அவன் ஊர்ப் பெயர். இவ்வளவு படித்த, அதுவும் மேப் ஆபீசில் இருக்கிற மேடம் இதைப் போய்க் கேட்கிறாளே என்று அவனுக்கு ஆச்சரியம். "நிறைஞ்சா இது மேலதான் போகும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, கையால் வழி காட்டினான். அவன் கை நேராகப் பின்சுவரைக் காட்டி, சுவரைத் தாண்டி, செல்லாரைக் காட்டிற்று.

செல்லாரில்தான் அனுபமாவின் குழந்தைகள் பள்ளி.

அனுபமாவின் கணவன் பிரசாத் அமெரிக்காவிலிருந்து மார்ச்சில் திரும்பி வந்திருந்தான். வேலை போய்விட்டது. அங்கே பல பேருக்குப் போயிருந்ததால் அவமானம் இல்லையென்றாலும், அனுபமா சும்மா உட்காரவில்லை. அசோசியேஷனிடம் கேட்டு செல்லாரின் ஒரு பாதியை மரத்தடுப்பு வைத்துப் பிரித்தாள். சுவரில் யானையும் முயலும் வரைந்தாள். ஜூன் முதல் பதினாறு குழந்தைகள். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. வித்யாவின் சுபாஸ்ரீயும் அதில் ஒருத்தி, நான்கரை வயது.

வித்யா ஆபீசில் மதிய இடைவேளையில் ஒரு கணக்குப் போட்டாள். செல்லாரின் நீளம், அகலம். சரிவின் அகலம். மேட்டைத் தாண்டி ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தால், நான்கு வயதுக் குழந்தையின் நெஞ்சு வரை நிறைய எவ்வளவு நேரம்? விடை ஆறு நிமிடத்துக்கும் குறைவாக வந்தது. தப்பாகப் போட்டோம் என்று மறுபடி போட்டாள். அதேதான். பதினாறு குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள். படிக்கட்டில் இரும்புக் கிரில். ஆறு நிமிடம். தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் எந்த வேலை செய்தாலும் கடிகாரத்தைப் பார்த்தாள். தோசை இரண்டு வார்க்க ஆறு நிமிடம். சுபாவுக்கு ஷூ, சாக்ஸ் மாட்டி லேஸ் கட்ட ஆறு நிமிடம். பாதி நேரம் ஒரு சாக்ஸ் கிடைக்காது.

அசோசியேஷன் செக்ரெட்டரி ராமச்சந்திரனை ஒருநாள் லிஃப்டில் பிடித்து, மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தாள். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில். தமிழ் பேசும்போதே பாதி ஊர் அதில் கலந்திருக்கும்.

"அரே, என்ன மா நீ! போன வருஷம் வந்தது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற மழைன்னு பேப்பர்லயே போட்டான். அது ஆயிடுச்சு. இனிமே தொண்ணூத்தொம்பது வருஷம் ஃப்ரீ. அதுக்குள்ள நானும் இருக்க மாட்டேன், நீயும் இருக்க மாட்டே. டென்ஷன் நக்கோ, வேண்டவே வேண்டாம்."

"அப்படி இல்ல அங்கிள். ஒவ்வொரு வருஷமும் புதுசா உருட்டற மாதிரி. போன ஆட்டத்துல தாயம் விழுந்துச்சுங்கறதுக்காக இந்த ஆட்டத்துல விழாம இருக்குமா?"

"ஹவ், ஹவ், ஆமா. லிஃப்ட்ல நின்னு தாயம் ஆடக் கூப்பிடறா பாரு, நல்ல பொண்ணு" என்று சொல்லி அவர் மூன்றாவது மாடியில் இறங்கிப் போனார்.

ஜூலை பாதியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, ஆபீஸ் ஜன்னல் இருட்டிற்று. முதலில் காற்று. பிறகு எதிர்க் கட்டிடமே தெரியாத மழை. மற்றவர்கள் ஜன்னலுக்கு ஓடி ஆஹா என்றார்கள். வித்யா தொலைபேசிக்கு ஓடினாள். அனுபமாவின் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கீழே இருப்பவள் எப்படி எடுப்பாள்? பிரசாத் வேலை தேடி வெளியே போயிருப்பான். செக்ரெட்டரி வீட்டுக்குப் போட்டாள். லைன் செத்திருந்தது.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள். மூன்று ஆட்டோக்காரர்கள் மல்லாபூர் என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நான்காவது ஆள் நாச்சாரம் வரைக்கும்தான் என்றான். நாச்சாரத்தில் சாலை இருந்த இடத்தில் பழுப்பு நீர் ஓடியது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவன் பீடியைப் பற்றவைத்தான். அவள் இறங்கி நடந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்த தொழிற்சாலை ஆட்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு எதிரே வந்தார்கள். அவளுக்குப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. எங்கே சாக்கடை திறந்திருக்கிறதென்று தெரியாமல், காலால் தடவித் தடவி வைத்தாள். செருப்பு ஒன்று போயிற்று. மற்றதையும் கழற்றி எறிந்தாள்.

இந்நேரம் கலிங்கைத் தாண்டியிருக்குமா? தாண்டி ஆறு நிமிடம் ஆகியிருக்குமா? நான் ஆட்டோவுக்கு நின்றதே பத்து நிமிடம். இப்படியே எண்ணிக்கொண்டு போனாள். சுபாஸ்ரீயின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். வரவில்லை. காலையில் அவள் போட்டிருந்த மஞ்சள் சட்டை மட்டும் வந்தது, உள்ளே ஆள் இல்லாமல். அதற்குப் பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டு ஓடினாள்.

அபார்ட்மெண்டை அடைந்தபோது, செல்லார் சரிவின் வாயில் தண்ணீர் மேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. மேட்டின் தலைக்கு நான்கு விரல் கீழே. காற்றடிக்கும்போதெல்லாம் நாக்கு நீட்டுவதுபோல ஒரு சிற்றலை வந்து மேட்டை நக்கிவிட்டுப் போயிற்று.

அவள் தாண்டி உள்ளே இறங்கினாள். கரண்ட் போயிருந்தது. பின்சுவரின் அடியிலிருந்து கசிந்து, தரை முழுக்கக் கணுக்கால் தண்ணீர். மெழுகுவத்தியை மீட்டர் போர்டின் தலையில் ஒட்டவைத்திருந்தார்கள். பதினாறு குழந்தைகளும் வெறுங்காலோடு குதித்துக்கொண்டிருந்தன. டிராயிங் தாளெல்லாம் படகாகி மிதந்தது. சுபாஸ்ரீ அம்மாவைப் பார்த்ததும் தெலுங்கில் கூவினாள்: "மம்மி, சூடு! நா போட்டே ஃபஸ்ட்டு!" பார், தன் படகுதான் முதலாம்.

"மேல போங்க! எல்லாரும் மேல!" வித்யாவுக்குத் தன் குரலே அந்நியமாக இருந்தது. சரிவுக்கு வெளியே தெருவே ஆறாக ஓடியது; படிக்கட்டுக்கு ஓடினாள். கிரிலில் பூட்டு. உலுக்கினாள். "சாவி எங்க? அனுபமா, சாவி!"

"யாதகிரிகிட்ட இருக்குதுங்க. போன மாசம் சைக்கிள் திருடு போச்சில்ல, அதுக்குத்தான பூட்டுனது. அவன் பால் வாங்கப் போயிருக்கறான். என்னாச்சுங்க?"

"எப்ப வருவான்?"

"மழ விட்டா வருவான். வித்யா, கொழந்தைக பயப்படுதுங்க பாருங்க."

உண்மைதான். ஒரு குழந்தை அழ ஆரம்பிக்க, பதினாறும் அழுதது. தண்ணீரைப் பார்த்து அல்ல; கிரிலைப் பிடித்து உலுக்கிய, தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டிய ஒரு பெண்ணைப் பார்த்து. சத்தம் கேட்டு மேலே இரண்டு மூன்று பேர் வந்து கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லீங்க, வித்யா கொஞ்சம் பயந்துட்டாங்க" என்று அனுபமா அவர்களிடம் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள்.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. யாதகிரி பால் பாக்கெட்டுகளோடு வந்து பூட்டைத் திறந்தான். மாலையில் ராமச்சந்திரன் வந்து, மேட்டின் மேல் ஈரத் தடத்துக்கு மேலாக விரல்களை வைத்து அளந்தார். "நாலு விரல் மிச்சம்! எக்ஸாம் பாஸ்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த நான்கு விரலையே அதற்கப்புறம் மூன்று நாளும் கட்டிடம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அவ்வளவு மழையிலும் மேட்டைத் தாண்டவில்லையே! பயந்துகொண்டிருந்த ஓரிரு தாய்மாரும் தெளிந்துவிட்டார்கள்.

வித்யாவுக்குக் காய்ச்சல். படுத்திருந்த இரண்டு நாளும் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். நான் எதைப் பார்த்துப் பயப்படுகிறேன்? தண்ணீரையா, என் தப்பையா? தப்பு செய்தவள் தண்டனைக்குக் காத்திருப்பதுபோல, அந்தத் தண்ணீர் வரட்டும் என்றே உள்ளுக்குள் எங்கேயாவது காத்திருக்கிறேனா? அந்த எண்ணம் வந்தபோது போர்வைக்குள் உடம்பு கூசியது. பயந்த மனுஷி சொல்லும் எதுவும் எடுபடாது என்பது அன்று அந்தக் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்த முகங்களில் தெரிந்தது. அவர்கள் இடத்தில் இருந்தால் அவளே அப்படித்தான் நினைப்பாள். எழுந்து கைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தாள். மழையில் மை பரவியிருந்தது. புதுத் தாளில் முதலிலிருந்து போட்டாள். பயத்தை ஒதுக்கிவைத்துப் போட்டாலும் அதே ஆறு நிமிடம்தான். அன்று தப்பித்தது மேட்டால் மட்டும் அல்ல. யாதகிரி சொன்னபடி, குளம் கலிங்கின் தலையைத் தொட இன்னும் இரண்டு மூன்று அங்குலம் பாக்கி இருந்ததால். வெளியே நின்றது தெருத் தண்ணீர், உள்ளே நின்றது வெறும் கசிவு. குளத்துத் தண்ணீர் இன்னும் வரவே இல்லை. வந்தால் பின்சுவர் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்தும். பிறகு விடும். விடும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடாது.

காய்ச்சல் விட்ட அன்று, மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அனுபமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பலகையில் எழுதியதிலிருந்து ஆரம்பித்தாள்.

அனுபமா கையிலிருந்த துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் பிழிய ஒன்றும் இல்லை.

"அப்ப அன்னிக்கு எங்களுக்குக் காட்டுனது?"

"தப்பான மேப்."

"தெரிஞ்சா காட்டுனீங்க?"

"தெரியாது. சத்தியமா தெரியாது."

"செரி." அவள் துண்டைக் கொடியில் போட்டாள். "தெரியாமப் பண்ணுனது தெரியாமயே இருந்துட்டுப் போகட்டுங்க. இப்ப வெளிய சொன்னீங்கன்னா, இங்க ஒரு ஃப்ளாட்டு கூட விக்காது. பிரசாத்துக்கு வேல இல்ல. என்ற வீட்டுல அடுப்பெரியறதே அந்தச் செல்லாராலதான். உங்களுக்குத் தெரியாததா?"

"மேல எங்கயாவது மாத்திக்கலாம் அனுபமா. மழைக்காலம் முடியற வரைக்கும் எங்க ஹால்ல வச்சுக்குங்க. நான் ஆபீஸ் போயிடறேன், வீடு சும்மாதான் கிடக்கு."

"ரெண்டாவது மாடி வீட்டுல பதினாறு கொழந்தைகளயா? கீழ் வீட்டுக்காரங்க விடுவாங்களா? போர்டு மாட்ட முடியுமா? நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ஆனா ஆகறதச் சொல்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம அந்த லெட்டர்ல மட்டும் கையெழுத்துப் போட்டுருங்க. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

செல்லாருக்குப் பள்ளியின் பேரில் தனி மின் இணைப்பு வாங்க, இருபது ஃப்ளாட்டுக்காரர்களும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் இணைப்பு கிடைக்காது, இணைப்பு இல்லாமல் பள்ளி நடக்காது. பத்தொன்பது பேர் போட்டாயிற்று.

வித்யா சுதர்சனிடமும் சொன்னாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சரி, சுபாவை நாளையிலேர்ந்து அனுப்ப வேண்டாம்" என்றான். "தார்னாகாவுல ஒரு ஸ்கூல் இருக்கு. வேன் வரும்."

"மத்த பதினஞ்சு?"

"அவங்கவங்க அப்பா அம்மா இல்லையா? நீ ஒருத்தி கையெழுத்துப் போடலேன்னா அனுபமாவோட வாழ்க்கை போகும். போட்டா நாளைக்கே தண்ணி வந்துடும்னு நிச்சயம் இருக்கா? இல்லை. வரலாம், வராமயும் போகலாம். உன் கணக்கே அப்படித்தானே சொல்றது? போட்டுட்டு வா. நம்ம குழந்தை பத்திரமா இருந்தா உனக்கு இந்தப் பயம் தானா போயிடும்."

போயிடுமா என்று அவள் தன்னைக் கேட்டுப் பார்த்தாள். அதுதான் அவளை எல்லாவற்றையும்விட மிரட்டியது. ஒருவேளை போய்விடலாம். சுபாஸ்ரீ தார்னாகாவில் பத்திரமாக இருக்க, இங்கே மழை கொட்டும்போது ஜன்னலுக்கு ஓடி ஆஹா என்று சொல்லும் ஒருத்தியாக அவளும் ஆகிவிடலாம். அப்படி ஆக முடியும் என்று தெரிந்தபோது, நாச்சாரம் தண்ணீரில் நடந்தபோதுகூட வராத நடுக்கம் வந்தது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூட்டம். வேறு இடம் இல்லாததால் செல்லாரிலேயே. பெரியவர்கள் எல்லாம் குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். தரை காய்ந்திருந்தது. சுவர் யானையின் கால்கள் மட்டும் உப்புப் பூத்து உரிந்திருந்தன. அனுபமா எல்லோருக்கும் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் கொடுத்தாள். வித்யாவுக்குக் கொடுக்கும்போது கண்ணைப் பார்க்கவில்லை.

ராமச்சந்திரன் குடிநீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் பேசி முடித்து, ஒரு காகிதத்தை எடுத்தார். "வித்யா மா, உன்னுது ஒண்ணுதான் பாக்கி. நீ மேப் கம்பெனில இருக்கே. எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடு, உங்க மேப்புல இங்க தண்ணி இல்லேன்னு. அப்புறம் கையெழுத்து. மேட்டர் ஓவர்."

"எங்க மேப்புல இல்ல அங்கிள்" என்றாள் வித்யா. "மேப் தப்பு. இதுக்குப் பின்னால இருக்கறது ஒரு குளம். அது நிறைஞ்சு வழியற ஓடை மேலதான் நாம உக்காந்திருக்கோம். எங்க ஆளுங்க அதை விட்டுட்டாங்க. விடச் சொன்னது நான்."

செல்லாரில் பிஸ்கட் கடிபடும் சத்தம் நின்றது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நான்கு தமிழ்க் குடும்பங்களில் ஒருவர், "எங்களை வாங்க வச்சதே நீங்கதானே?" என்றார். தெலுங்கில் யாரோ, இந்தப் பேச்சு வெளியே போனால் விலை என்னாகும் என்று கேட்டார். சுதர்சன் குனிந்து தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வித்யா தாளைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் படித்தாள். ஆறு நிமிடம். கிரிலில் பூட்டு கூடாது. மீட்டர் போர்டை மேல் மாடிக்கு ஏற்ற வேண்டும். தண்ணீர் வந்தால் முதலில் கரண்ட் போகும், பம்பு ஓடாது. ஜூனிலிருந்து அக்டோபர் வரைக்கும் கீழே குழந்தைகள் கூடாது.

"அஞ்சு மாசம் மூடினா அது ஸ்கூலா மா? லீவுக்கு நடுவுல ஸ்கூலா?" என்று ராமச்சந்திரன் கேட்க, யாரோ சிரித்தார்கள். அவர் கையை உயர்த்தி அடக்கினார். கெட்ட மனிதர் இல்லை. யோசித்துப் பார்த்து, "சரி, கிரில் சாவியை ஆணியில மாட்டிடலாம். மீட்டர் போர்டு அடுத்த வருஷம் பார்க்கலாம். உன் பேச்சையும் கேட்டாச்சு, போதுமா? அந்த மேப் விஷயத்தை இங்கயே விட்டுடு, யாரும் வெளிய பேச வேண்டாம்" என்றார். காகிதத்தைக் குழந்தைகளின் சின்ன மேஜையில் அவள் முன்னால் வைத்து, தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். "இப்ப போடு. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அனுபமா டீத் தட்டைப் பிடித்தபடி நின்றாள். கப்புகள் லேசாகக் கிணுகிணுத்தன.  பத்தொன்பது கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. கடைசி வரியில் அவள் ஃப்ளாட் எண்ணை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நாளைக்கு மாடிப்படியில் யாரும் பேச மாட்டார்கள். அனுபமா மறுபடி எப்போது பேசுவாளோ தெரியாது.

பேனாவை வாங்கி, மூடியை மாட்டி, காகிதத்தின் மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்து அவர் பக்கமாக மெதுவாகத் தள்ளினாள்.

"நான் போடலை அங்கிள்" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.